துணி போட்டுப் பாத்தியா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரவே இல்லை. மன்னிச்சுக்கங்க மக்களே. "ஆளையே காணோமே, ஊருக்குப் போயிட்டியா?"ன்னு விசாரிச்ச ரெண்டு பேருக்கும் (ஆமாங்க, மொத்தமே ரெண்டு பேர்தான்!) சொல்லிக்கிறது என்னன்னா, நான் எங்கேயும் போகலை. இங்கிலாந்துல, கவன்ட்ரியில, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கராஜுக்குள்ளதான் இருந்தேன். நாலு வருஷமா. கார் கட்டிக்கிட்டு.

"கார் வாங்கினேன்னு சொல்ல வந்தியா?"ன்னு கேக்காதீங்க. கட்டினேன்னுதான் சொல்றேன். வீடு கட்டுற மாதிரியே. தங்கமணி மொழியில சொன்னா, "வீடு கட்டியிருந்தா குடியாவது போயிருக்கலாம்."

இந்த ஊர்ல இது ரொம்ப நாளா இருக்கிற ஒரு வியாதி. 1957ல லோட்டஸ் கம்பெனி 'செவன்'னு ஒரு குட்டிக் கார் விட்டாங்க. கதவு கிடையாது, கூரை பேருக்குத்தான். அந்தக் காலத்துல முழுக் காரா வாங்கினா அரசாங்கத்துக்கு விற்பனை வரி கட்டணும். பாகம் பாகமா வாங்கி நீங்களே மாட்டிக்கிட்டா அந்த வரி கிடையாது. அதனால நிறைய பேர் பெட்டியில வாங்கிட்டுப் போய் வீட்லயே கட்டிக்கிட்டாங்க. 1973ல வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போச்சு. அதே வருஷம் 'செவன்' தயாரிக்கிற உரிமையும் கேட்டரம் கைக்குப் போச்சு. ஆனா வியாதி மட்டும் போகலை. 1996ல ரான் சாம்பியன்னு ஒருத்தர் "250 பவுண்டுல நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம்"ங்கற மாதிரி ஒரு புத்தகம் போட்டார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒண்ணைப் பிரிச்சு, ஒரு அங்குலச் சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் வச்சு, செவன் மாதிரியே ஒண்ணு செஞ்சுக்கலாம். அதுக்கு 'லோகாஸ்ட்'னு பேரும் ஆகிப்போச்சு.

எனக்கு எவ்வளவு ஆச்சுன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. தங்கமணி படிக்கிற இடத்துல அதைச் சொல்ல முடியாது.

என் வெல்டிங்கை நம்பி என் உயிரை வைக்க எனக்கே தைரியம் இல்லாததால, சட்டகத்தை ரெடிமேடா வாங்கினேன். உறுப்பு தானம் பண்ணினது துருப்பிடிச்ச ஒரு மாஸ்டா எம்.எக்ஸ்-5. இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக், வயரிங் எல்லாம் அதுல இருந்து எடுத்ததுதான். அந்தக் கதையெல்லாம் இன்னொரு நாள். இன்ஜின் முதல் தடவை உறுமின அன்னிக்கு "வேலை முக்கால்வாசி முடிஞ்சுது"ன்னு ஊர் பூரா சொல்லிட்டேன். என் அப்பாகிட்டயும் சொன்னேன்.

"உள்வேலை ஆயிருச்சா கண்ணு?"ன்னு கேட்டார்.

"அது என்னுங்கப்பா, தகடு வெட்டி ஒட்டறதுதானே. ஒரு மாசத்துல முடிச்சர்றேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்பறம் இருமிக்கிட்டே, "சரி, முடி"ன்னார்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பாவுக்குக் கரூர். கரூர்ல பஸ் பாடி கட்டுறது எவ்வளவு பெரிய தொழில்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் சேஸியா, டிரைவர் ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஓட்டிட்டு வர்ற வண்டி, உள்ள போய் முழு பஸ்ஸா வெளிய வரும். அப்பா அங்க ஒரு பட்டறையில உள்வேலை பார்த்தவர். பக்கவாட்டுத் தகடு, கூரைத் தகடு, சீட்டுக்குப் பின்னாடி கைப்பிடி, ஜன்னல் ஓரத்துப் பீடிங், ரெக்சின் எல்லாம். முப்பது வருஷம். சின்ன வயசுல சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டுப் போவேன். வேலை முடிஞ்ச பஸ்ஸுக்குள்ள அப்பா ஒரு பழைய வேட்டித் துணியைக் கையில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு விளிம்பா தடவிக்கிட்டே பின்னாடி வரைக்கும் போவார். தூசி தட்டுறார்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். தூசி இல்லை. தகட்டு ஓரத்துல பிசிறு இருந்தா துணியில நூல் மாட்டும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குக்கூடச் சில சமயம் தெரியாது, துணிக்குத் தெரியும்.

"வேலை முடிஞ்சதும் துணி போட்டுப் பாத்துரு"ன்னு எனக்கும் சொன்னார். சரிங்கப்பான்னேன். சொல்றதுக்கு என்ன காசா பணமா.

இப்ப உள்வேலைன்னா என்னன்னு சொல்லிடறேன். கடையில வாங்குற கார்ல உள்ள எல்லாம் அச்சுல வார்த்த பிளாஸ்டிக். க்ளிக்னு மாட்டினா முடிஞ்சுது. இதுல உள்ள குனிஞ்சு பார்த்தா வெறும் குழாய்தான். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கியர் பாக்ஸும் அதுல இருந்து பின்னாடி போற ஷாஃப்ட்டும் ஓடும். அதை மூடி ஒரு சுரங்கம் கட்டணும், ரெண்டு பக்கம், ஒரு மேல்மூடி. அப்பறம் கால் வைக்கிற குழிக்குப் பக்கத் தகடு, முதுகுக்குப் பின்னாடி ஒரு தகடு, டேஷ்போர்டு, கியர் குச்சிக்குத் தோல் உறை, ஹேண்ட் பிரேக்குக்கு மூடி, சீட், தரைவிரிப்பு. எதுவும் கடையில கிடைக்காது. ஏன்னா என் கியர் பாக்ஸ் என் வண்டியில உக்காந்திருக்கிற மாதிரி உலகத்துல வேற எந்த வண்டியிலயும் உக்காந்திருக்காது.

முதல்ல அட்டை. வீட்டுக்கு வர்ற பார்சல் டப்பாவெல்லாம் கராஜுக்குப் போயிடும். அட்டையை வச்சு, பென்சில்ல கோடு போட்டு, வெட்டி, திரும்ப வச்சுப் பார்த்து, இடிக்கிற இடத்தை வெட்டி, அதிகமா வெட்டின இடத்துல டேப் ஒட்டி... சுரங்கத்தோட இடது பக்கத் தகடுக்கு மட்டும் அஞ்சு அட்டை ஆச்சு. அட்டை சரியா உக்காந்தப்பறம்தான் அதை அலுமினியத்து மேல வச்சுக் கீறணும். 1.2 மி.மீ. தகடு, கத்திரியிலயே வெட்டலாம். மடிக்கிறதுக்கு மெஷின் இல்லை. ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சு, ஒரு கோடியில இருந்து மறு கோடிக்கு மரச்சுத்தியால மெதுவா அடிச்சுக்கிட்டே போகணும். அவசரப்பட்டு ஒரே இடத்துல அடிச்சா அப்பளம் மாதிரி அலை அலையா வந்துடும். வந்துச்சு.

ரிவெட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பாடம். மூலையில இருந்து வரிசையா அடிச்சுக்கிட்டே போனா கடைசியில தகடு தள்ளிக்கிட்டு வந்து ஓட்டை பொருந்தாது. ஸ்பிரிங் வச்ச தற்காலிகப் பின் இருக்கு, அதை எல்லா ஓட்டையிலயும் ஒண்ணுவிட்டு ஒண்ணு மாட்டி, தகடு உக்காந்ததைப் பார்த்துட்டு அப்பறம் அடிக்கணும். இன்னொரு பாடமும் உண்டு. சீட் பெல்ட் போல்ட் மாட்டுற இடம் சட்டகத்துல வெல்டிங் வச்சிருக்கும், 7/16 அங்குல மரை. நான் அழகா சீலன்ட் பூசி, ரிவெட் அடிச்சு, சாயந்திரம் டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, அந்த மரையையும் சேர்த்து மூடிட்டேன்னு. பழைய போட்டோ ஒண்ணைப் பெருசாக்கி, அளந்து, ஓட்டை போட்டுக் கண்டுபிடிச்சேன். மூடுறதுக்கு முன்னாடி டேப் அளவையும் சேர்த்து வச்சு நாலு போட்டோ எடுத்துக்கங்க. அனுபவஸ்தன் சொல்றேன்.

அடுத்தது டேஷ்போர்டு. இதுக்குச் சட்டம் கொஞ்சம் சொல்லணும். வீட்ல கட்டின காரை ரோட்டுல விடணும்னா 'ஐ.வி.ஏ.'ன்னு ஒரு சோதனையில தேறணும். அந்த ஒரு வண்டியை மட்டும் தனியா எடுத்து, பொறுமையாப் பார்த்து அனுமதி கொடுக்கிற சோதனை. 2009ல வந்தது, அதுக்கு முன்னாடி 1998ல இருந்து 'எஸ்.வி.ஏ.'ன்னு ஒண்ணு இருந்தது. வண்டிக்குள்ள என்ன பார்ப்பாங்கன்னா, 165 மி.மீ. குறுக்களவுல ஒரு உருண்டை வச்சிருப்பாங்க. மனுஷத் தலைன்னு வச்சுக்கங்க. அந்த உருண்டை போய்த் தொடக்கூடிய விளிம்பெல்லாம் குறைஞ்சது 2.5 மி.மீ. ஆரத்துக்கு உருண்டையா இருக்கணும். டேஷ்போர்டோட அடி விளிம்பு கெட்டியான பொருளா இருந்தா 19 மி.மீ. ஆரம். ஸ்டியரிங் சக்கரத்துக்கு நேர் முன்னாடி இருக்கிற வட்டமும், அதைச் சுத்தி 127 மி.மீ. பட்டையும் மட்டும் விதிவிலக்கு.

19 மி.மீ. ஆரம்னா கைப்பிடிக் கம்பி அளவு தடிமன். என் மனசுல இருந்ததோ பழைய ரேஸ் கார் மாதிரி, பளபளன்னு தேச்ச 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டுல டேஷ்போர்டு. மெலிசா, கத்தி மாதிரி. ("கத்தி மாதிரி"ன்னு அப்பவே எழுதி வச்சிருக்கேன், நோட்டுப் புத்தகத்துல.)

இதுக்கு எல்லாரும் பண்ற ஒரு குறுக்குவழி இருக்கு. விளிம்புல மாட்டுற ரப்பர் பட்டை விக்குது. சோதனைக்கு முந்தின நாள் எல்லா விளிம்புலயும் மாட்டிடறது, அடி விளிம்புக்குத் தடிமனா ஒண்ணை ஒட்டிடறது, தேறினதும் மறுநாள் உருவிப் போட்டுடறது. எனக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அஞ்சு மீட்டர் சுருள் வாங்கி ஆணியில மாட்டி வச்சேன். ரப்பர் போடத்தானே போறோம்னு அடி விளிம்பை மடிக்கலை. வெட்டினபடியே விட்டு, அரத்தை ஒரு இழுப்பு இழுத்தேன். மீட்டரெல்லாம் மாட்டி, ஸ்விட்ச் மாட்டி, லைட் போட்டுப் பார்த்தா, அடடா. அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்லை.

2022 அக்டோபர், ஒரு ஞாயித்துக்கிழமை. பொண்ணுக்கு எட்டு வயசு. "அப்பா, நான் உக்காந்து பாக்கட்டா?"

இந்த வண்டியில ஏறுறதே ஒரு கலை. கதவு இல்லாததால, பக்கவாட்டைத் தாண்டி சீட்டு மேல நின்னு, காலை டேஷ்போர்டுக்கு அடியில நீட்டிக்கிட்டே சறுக்கி உக்காரணும். அது சுலபம். இறங்கும்போதுதான் முட்டி மேல வரும். நேரா டேஷ்போர்டோட அடி விளிம்புக்கு.

அவ உக்காந்தா, ஸ்விட்சைத் தட்டினா, ஹாரன் அடிச்சா, சிரிச்சா. தங்கமணி வாசல்ல இருந்து சாப்பிடக் கூப்பிட்டாங்க. குதிச்சு எழுந்தா.

அழுகைச் சத்தம் உடனே வரலை. முதல்ல "அப்பா"ன்னு சாதாரணமாத்தான் கூப்பிட்டா. பார்த்தா முட்டிக்குக் கீழ ஒரு வெள்ளைக் கோடு. ஒரு நொடி கழிச்சு அது சிவப்பாச்சு.

ஆஸ்பத்திரியில மூணு மணி நேரம் காத்திருந்தோம். நாலு தையல். எலும்புக்கு ஒண்ணும் இல்லைன்னாங்க. வீட்டுக்கு வர்ற வழியில பின் சீட்டுல இருந்து, "என் தப்புதான்ப்பா. நான் மெதுவா இறங்கியிருக்கணும்"னா.

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். தங்கமணியும் ஒண்ணும் சொல்லலை. அது அதைவிட மோசம். அன்னிக்கு ராத்திரி வண்டி மேல தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு, கராஜைப் பூட்டி, சாவியைச் சமையலறை அலமாரி மேல வச்சேன். யாரும் எடுத்து ஒளிச்சு வைக்கலை, யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

அப்பாகிட்ட சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன். அடுத்த வாரம் வீடியோ கால்ல பாப்பா காலைத் தூக்கிக் கேமராவுல காட்டிட்டா. "தாத்தா, நாலு ஸ்டிச்!" பெருமையா வேற. என்னாச்சுன்னு அவளே முழுக் கதையும் சொன்னா. அப்பா கேட்டுக்கிட்டே இருந்தார். அப்பறம் ஃபோனை அப்பாகிட்ட கொடுன்னார்.

"துணி போட்டுப் பாத்தியா?"

"இல்லீங்கப்பா."

"ம்."

அவ்வளவுதான். ஃபோன் அம்மா கைக்குப் போயிடுச்சு. முப்பத்தொன்பது வயசுல, ஒரு "ம்"முக்கு இவ்வளவு கூனிக் குறுகிப் போவேன்னு நினைக்கலை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவு பூரா சும்மாவே போச்சு. வித்துடலாம்னு விளம்பரம்கூட எழுதி வச்சேன். பொங்கலுக்கு மறுநாள் அப்பாவே கூப்பிட்டார். அவரா கூப்பிடுறது அபூர்வம். சுத்தி வளைக்கலை.

"வண்டிய என்ன பண்ணுன?"

"மூடி வச்சுட்டனுங்கப்பா. அந்த ரப்பர் ஒட்டித்தான் சோதனைக்கு..."

ரப்பர் கதையை முழுசாக் கேட்டார். அப்பறம் சொன்னார்: "ரப்பர ஒட்டிக் கொண்டு போனா ஆர்.டி.ஓ. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருவாரு. அதுக்கப்பறம் அதுல ஏறி எறங்கறது ஆர்.டி.ஓ. இல்ல கண்ணு."

நான் பேசலை.

"ஓரத்த மடிச்சு உள்ளாற தள்ளு. மடிக்க முடியாத எடத்துல பீடிங் போடு. அதும் முடியலையா, அந்த எடத்துல தகடே வேண்டாம், பலகையப் போடு. யாரு எங்க கை வெப்பாங்க, எங்க முட்டி இடிக்கும்னு நீ மொதல்ல உக்காந்து பாரு. உக்காந்து பாத்துட்டு வெட்டு. வெட்டிப்போட்டு உக்காராத."

அன்னிக்குச் சாயந்திரம் சாவியை எடுத்தேன். தங்கமணி பார்த்தாங்க. "மேல ஸ்வெட்டர் போட்டுக்கங்க, குளுருது"ன்னாங்க. அனுமதி கிடைச்சதுன்னு எடுத்துக்கிட்டேன்.

முதல் வேலை, பழைய வேட்டி ஒண்ணைக் கிழிச்சதுதான். மாட்டியிருந்த முதல் தகட்டுல ஒரு சுத்து வந்தேன். பதினோரு இடத்துல நூல் மாட்டுச்சு. நான் பெருமையா போட்டோ எடுத்து வச்சிருந்த தகடு அது. எல்லா ரிவெட்டையும் ட்ரில் போட்டு எடுத்தேன், நூத்துக்கும் மேல. மனசு ஆறுற வேலை இல்லை அது.

இந்தத் தடவை ஓரத்தை எல்லாம் திருப்பி மடிச்சேன், புடவை ஓரம் அடிக்கிற மாதிரி. அலுமினியத்தை அவ்வளவு தூரம் மடிச்சா சில இடத்துல விரிசல் விடும். அதுக்கும் அப்பாகிட்டயே வைத்தியம் இருந்தது. மடிக்கிற இடத்துல சாதா சோப்பைத் தேச்சு, பின்பக்கம் இருந்து தீ காட்டணும். சோப்பு கறுத்ததும் நிறுத்திடணும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவக்காது, நிறம் மாறாமயே திடீர்னு உருகி ஓடிடும், அதனால சோப்புதான் நமக்குத் தெர்மாமீட்டர். ஆறினதும் தகடு சொன்னபடி கேக்கும். இதைப் பட்டறையில யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க, அவர் எனக்கு வாட்ஸப்ல சொல்லிக் கொடுத்தார். நடுவுல நான் படிச்ச இன்ஜினியரிங் எங்க போச்சுன்னு தெரியலை.

டேஷ்போர்டுக்குத் தகடே வேண்டாம்னு முடிவு பண்ணினேன். 9 மி.மீ. ப்ளைவுட். அடி விளிம்புக்கு என்ன பண்றதுன்னு ஒரு வாரம் யோசிச்சேன். விடை குளியலறையில இருந்தது. வாஷ்பேசின் தண்ணி போற '40 மி.மீ.' பிளாஸ்டிக் பைப். பேருதான் நாப்பது, வெளிப்பக்கம் அளந்தா 43 மி.மீ. பக்கம் வரும். ஆரம் இருபத்தொண்ணுக்கு மேல. நீளவாக்குல ஒரு கீறல் போட்டு, ப்ளைவுட்டோட அடி ஓரத்தை அதுக்குள்ள சொருகி, எபாக்ஸி வச்சு, பின்னாடி ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். அதுக்கு மேல 3 மி.மீ. ஃபோம், அதுக்கும் மேல கறுப்பு ரெக்சின்.

ரெக்சின் ஒட்டுறது கராஜ்ல நடக்காது. குளிர்ல பசை பிடிக்காது. அதனால சாப்பாட்டு மேஜை. ஜன்னலெல்லாம் திறந்து வச்சும் வீடு பூரா பசை நாத்தம். தங்கமணியோட ஹேர் டிரையரை வாங்கி ரெக்சினைச் சூடு பண்ணி இழுத்தா, ரப்பர் மாதிரி வளைவுல படியும். வெளி வளைவுல இழுக்கணும். உள் வளைவுல பின்பக்கம் சின்னச் சின்னதா கீறிவிட்டு மடக்கணும், இல்லைன்னா சுருக்கம் விழும். முதல் தடவை விழுந்துச்சு. ரெண்டாவது தடவை அழகா வந்துச்சு, ஆனா ஜூன் மாச வெயில்ல வண்டியை வெளியில நிறுத்தினேன், சாயந்திரம் பார்த்தா மேல் ஓரம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. சாதாரணப் பசை கறுப்பு ரெக்சின் வாங்குற சூட்டைத் தாங்காது. சூடு தாங்குற ஸ்ப்ரே பசை தனியா இருக்கு. மூணாவது தடவை அது.

கியர் குச்சிக்கு உறை நானே தைக்கிறேன்னு ஊசியை எடுத்தேன். தங்கமணி பக்கத்துல வந்து நின்னு பார்த்தாங்க. ரொம்ப நேரம். அப்பறம், "பாப்பா கால்ல தச்ச டாக்டர் இதைவிட நல்லாத் தச்சாரு"ன்னாங்க. எட்டு மாசத்துல அந்தத் தையலைப் பத்தி அவங்க பேசின முதல் பேச்சு அது. ரெண்டு பேரும் சிரிச்சோம். உறையை என் கையில இருந்து பிடுங்கிட்டுப் போய் மெஷின்ல தச்சுக் கொடுத்தாங்க. அந்த வண்டியிலயே நேர்த்தியான வேலை அதுதான், சொல்லிட்டேன்.

அப்பா சொன்னபடி உக்காந்து உக்காந்து பார்த்தேன். சுரங்கத்து மேல்மூடி முழங்கையைத் தட்டுச்சு, 15 மி.மீ. இறக்கினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தா விரல் முட்டி மூடியில உரசுச்சு, ஓட்டையை அகலமாக்கி ஓரத்துல பீடிங் போட்டேன். பெடலுக்குப் பக்கத்துல ஒரு மூலை, ஷூ போட்டா தெரியாது, வெறும் காலுக்குத் தெரியும். வெறும் காலோட யார் ஓட்டப்போறான்னு தோணுச்சு. இருந்தாலும் மடிச்சேன். ஒரு மாசம்னு சொன்ன உள்வேலை, எல்லாம் சேர்த்து ஒண்ணரை வருஷம் ஆச்சு.

2024 மே மாசம் சோதனை. அதிகாரி அமைதியான மனுஷர். உருண்டையை எடுத்து ஒவ்வொரு இடமா வச்சுப் பார்த்தார். டேஷ்போர்டுகிட்ட வந்ததும் உருண்டையைக் கீழ வச்சுட்டு, வெறும் கையை அடியில விட்டு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினார். எனக்குக் கரூர்ப் பட்டறை ஞாபகம் வந்துச்சு. எழுதிக்கிட்டார், அடுத்த இடத்துக்குப் போயிட்டார்.

தேறலை! ஆமாங்க, முதல் தடவை ஊத்திக்கிச்சு. முன்சக்கர மட்கார்டைப் பிடிக்கிற கம்பியில ஒரு முனை கூரா இருக்குன்னு. வெளியில. துணி உள்ளதான் போட்டேன், வெளியில போடலை. ஆனா அந்தத் தோல்விக் காகிதத்துல உள்வேலையைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. ரெண்டு வாரம் கழிச்சு மறுசோதனையில தேறிட்டோம்.

அன்னிக்கு அங்க இன்னொருத்தரும் தேறினார். டிரெய்லர்ல ஏத்துறதுக்கு முன்னாடியே ரப்பர் பட்டையை உருவிப் போட்டுக்கிட்டு இருந்தார். "உங்களுக்கு உருவுறதுக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் அஞ்சு மீட்டர் சுருள் இப்ப கராஜ் கதவோட அடி விளிம்புல இருக்கு. அதுவும் கொஞ்சம் கூராத்தான் இருந்தது.

இந்த ஊர்ச் சட்டப்படி 135 செ.மீ. உயரம் வந்துட்டா குழந்தைங்களுக்குத் தனி சீட் வேண்டாம். பொண்ணு அளவெடுத்துக் காட்டிட்டு ஏறினா. பத்து வயசு. பக்கத்து ஊர் வரைக்கும் போயிட்டு வந்தோம். கண்ணுல தண்ணி, காதுல காத்து, அவ கத்துன கத்துல எனக்கு இன்ஜின் சத்தமே கேக்கலை. வீட்டு வாசல்ல நிறுத்தினதும் பழைய மாதிரியே குதிச்சு எழுந்தா. நான் "ஏய்"ங்கறதுக்குள்ள 'டொப்'னு ஒரு சத்தம்.

"இடிச்சுதா?"

"ம், இடிச்சுது"ன்னுட்டு உள்ள ஓடிட்டா. அம்மாகிட்ட கதை சொல்லணுமாம்.

ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால். மீட்டரைக் காட்டினேன், ஸ்டியரிங்கைக் காட்டினேன். "அதெல்லாம் இருக்கட்டும், அடியில காட்டு"ன்னார். ஃபோனை டேஷ்போர்டுக்கு அடியில விட்டு, யாரும் பார்க்காத பக்கத்தை மெதுவா காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"துணி போட்டுப் பாத்தியா?"

"பாத்தனுங்கப்பா. ரெண்டு தடவை."

"இன்னொருக்கா போடு."

ஃபோனை வச்சுட்டு வேட்டித் துணியை எடுத்துக்கிட்டுப் போனேன். சோத்தாங்கைப் பக்கம், ஹீட்டர் பைப் உள்ள போற ஓட்டையில, ஒரு நூல் மாட்டுச்சு.

டிஸ்கி: ஹேர் டிரையர் புதுசா வாங்கிக் கொடுத்தாச்சு. பசை வாசனை போகவே மாட்டேங்குதாம்.